சண்டைக்கார ரத்தம்

தெருவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மிளகாய் என்றுதான் சொல்வார்கள். வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன் நான். மெஷினைவிட அதிகமாக ஆடுவதும் சத்தம் போடுவதும் நான்தான் என்று என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். வாடிக்கையாளரோடு சண்டை, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரனோடு சண்டை, யாரும் சிக்காவிட்டால் ஸ்குரூ டிரைவரோடு.

இப்படிப்பட்டவனின் ரத்தம்தான் தம்பிக்குப் பொருந்தியது. அவனுக்கு ரத்தப் புற்றுநோய். அவன் பரம சாது. பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்கிற ரகம். என் ரத்தத்தை ஓர் இயந்திரத்தில் ஓட்டி, புது ரத்தம் உண்டாக்குகிற ஸ்டெம் செல்களை மட்டும் பிரித்து அவனுக்கு ஏற்றினார்கள். ஏதோ மலையையே பெயர்த்தவன் மாதிரி தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். புற்றுநோய் போய்விட்டது. ஆனால் சில மாதம் கழித்து, ஏற்றின செல்களே அவன் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்க ஆரம்பித்தன. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. ஒன்றரை வருடத்தில் போய்ச் சேர்ந்தான்.

போன இடத்திலும் சண்டையா? என் செல்தானே, வேறு எப்படி இருக்கும்? இதை வேடிக்கையாகத்தான் எல்லோரிடமும் சொல்வேன். தனியாக உட்கார்ந்து மோட்டாரைக் கழற்றும்போது அது வேடிக்கையாக இருக்காது. தம்பியை நான்தான் கொன்றேன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

தம்பி மனைவி கணக்கு டீச்சர். அழுது முடித்த கையோடு அவன் பெயரில் ஒரு நினைவு நிதி தொடங்கினாள். அவனோடு வேலை பார்த்தவர்கள், அவள் பள்ளிக்கூடத்து டீச்சர்கள், சொந்தக்காரர்கள் எல்லோரும் போட்டார்கள். தானம் கொடுத்தவரின் செல் ஏன் சிலரை மட்டும் இப்படிப் பாடாய்ப் படுத்துகிறது என்று ஆராய்கிற ஒரு பெண்ணுக்கு அந்த நிதியிலிருந்துதான் சம்பளம். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற ஓர் இயந்திரமும் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த ஆராய்ச்சிக்குத் தானம் கொடுத்தவர்களின் ரத்தமும் வேண்டுமாம். கூப்பிட்டபோதெல்லாம் நழுவினேன். கடையில் வேலை என்றேன், காய்ச்சல் என்றேன். ஊசிக்குப் பயம் என்பது பாதி உண்மை. குற்றவாளி இவன்தான் என்று கண்டுபிடித்துவிடுவார்களே என்பது மீதி.

ஒருநாள் அவள் போன் செய்தாள். அந்த இயந்திரம் கடகடவென்று ஆடுகிறது, கம்பெனி ஆள் வர நாளாகும், கொஞ்சம் வந்து பாருங்கள் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சுற்றுகிற எதுவும் என் கைக்கு அடங்கும் என்று மனைவியிடம் அளந்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆராய்ச்சிக்கூட வாசலில் காவலாளியோடு ஒரு சண்டையையும் முடித்துக்கொண்டேன்.

மூடியில் தம்பியின் பெயர் ஒட்டியிருந்தது. ஓடவிட்டுக் காட்டினார்கள். ஆட்டமும் இல்லை, சத்தமும் இல்லை. பக்கத்தில் ஒரு நாற்காலி, பஞ்சு, ஊசி. தம்பி மனைவி என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊரையே மிரட்டுகிறவனை ஒரு கணக்கு டீச்சர் மெஷின் ஆசை காட்டிப் பிடித்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். ஊசி ஏறும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, கேட்டேவிட்டேன்.

"என் கோபம்தானே அவனைக் கொன்னுது?"

ஆராய்ச்சிக்காரப் பெண் சிரிக்கவில்லை. "கோபத்துக்கும் செல்லுக்கும் சம்பந்தமே இல்லைங்க. புது உடம்பை வேத்து உடம்புன்னு நெனச்சு அது அடிக்குது. ரொம்ப சாதுவானவங்க கொடுத்த செல்லும் அடிக்கும். சிலருக்கு மட்டும் ஏன் அடங்க மாட்டேங்குதுன்னு இன்னும் முழுசா தெரியல. அதைத்தான் தேடுறோம்."

தம்பி மனைவி ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"நீங்க கொடுக்கலேன்னா அவர் அப்பவே போயிருப்பார், மாமா. எங்க பாப்பா நடக்கிறதைப் பார்த்துட்டுத்தான் போனார். அதுவரைக்கும் அவர் உடம்புல ஓடினது உங்க ரத்தம்."

ஒரு கையில் ஊசியோடு, மறு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதேன். குழாய்கள் நிரம்பி ஊசியை எடுக்க வந்தபோது பழைய குணம் திரும்பி வந்தது. இவ்வளவுதானா, இன்னும் எடுங்கள் என்று சண்டைக்கு நின்றேன். இது போதும் என்று அந்தப் பெண் என்னை அடக்கிவிட்டு, குழாய்களை இயந்திரத்துக்குள் வைத்து மூடினாள்.

தம்பியின் பெயருக்குக் கீழே என் ரத்தம் சுற்ற ஆரம்பித்தது. தொழில் புத்தி போகுமா, ஆடுகிறதா என்று மூடியில் கை வைத்துப் பார்த்தேன். ஆடவில்லை.