மயிலின் கீழே தொங்கும் அட்டை

பழைய மரச்சட்டங்கள் வாங்கலாமென்று பல்லாவரம் சந்தைக்குப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமைக் கூட்டம். ஜெசிந்தா அக்காவின் மகன் ஆல்வினிடமிருந்து போன் வந்ததும் பழைய மிக்சிகளையும் பிரம்பு நாற்காலிகளையும் தாண்டி ஓர் ஓரமாகப் போய் நின்றேன். "அங்கிள், அம்மா போயிட்டாங்க" என்றான். என்ன கேட்பதென்று தெரியாமல், "காலைல எதாவது சாப்ட்டாங்களா?" என்று கேட்டேன். "இல்ல அங்கிள்" என்று அவனும் பொறுமையாகப் பதில் சொன்னான். பக்கத்தில் ஒருவர் சுவர்க் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னா நைனா, எரநூறுன்னா எடுத்துக்கினு போறேன். இன்னா சொல்ற?" என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா அக்கா அங்கே நின்றிருந்தால் வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்தே திட்டியிருப்பார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இதைப் படிப்பவர்களில் பலர் பழைய ஓவியங்களைச் சேர்ப்பவர்கள். மேற்குத் தாம்பரத்தில் என் பிரேம் கடைக்கு வந்து அக்காவிடம் பேரம் பேசித் தோற்றவர்கள். தோற்றோம் என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் தோற்றோம் என்று யோசித்திருக்க மாட்டீர்கள். அவருடன் ஒரே கடையில் உட்கார்ந்து வருடக்கணக்காகச் சண்டை போட்டவன் என்ற முறையில் அதைச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

முதல் சந்திப்பே சண்டைதான். கடைச் சுவரில் ஒரு முருகன் படம் மாட்டியிருந்தேன். சிவகாசிக் காலண்டருக்காக யாரோ கையால் வரைந்த அசல். மயில் மட்டும் அப்படியொரு மயில். படத்தின் அடியில், கடைப்பெயர் அச்சடிப்பதற்காக விட்ட இடம் வெறுமையாகவே இருந்தது. ரயில் நிலைய டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்துவந்த ஜெசிந்தா அக்கா வீடு திரும்பும் வழியில் உள்ளே வந்து விலை கேட்டார். நான் எல்லோரிடமும் சொல்வதையே சொன்னேன்: "நீங்களே ஒரு விலை சொல்லுங்கம்மா."

"தெரிஞ்சா நான் ஏன் உங்கள கேக்குறேன்? பீச்சுக்கு ஒரு டிக்கெட் குடுங்கன்னு கவுண்டர்ல கேக்குறவங்க கிட்ட, நீங்க எவ்ளோ தருவீங்கன்னு என்னிக்காவது நான் கேட்டிருக்கேனா?" என்றார்.

"டிக்கெட்டும் இதுவும் ஒண்ணாம்மா? இது உலகத்துலயே ஒண்ணே ஒண்ணுதான்."

"அப்ப அதோட விலையும் ஒண்ணே ஒண்ணுதானே இருக்கணும்?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

ஓய்வு பெற்ற மறு மாதமே திரும்பி வந்தார். கடையில் பாதிச் சுவரைத் தன்னிடம் விட்டால் வாடகையில் பாதியும் தருவதாகச் சொன்னார். மயில் அப்போதும் அதே இடத்தில்தான் இருந்தது. பலர் பல விலை சொல்லியும் எனக்கு எதுவும் திருப்தியாக இல்லை. அக்கா இரண்டு நாள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏழாயிரம்" என்றார். யாரும் அதுவரை அவ்வளவு சொன்னதில்லை. அடுத்த நிமிடமே பணத்தை என் கையில் வைத்தார். ஏழாயிரம் என்று ஓர் அட்டையில் எழுதி, நூல் கட்டி, அந்த வெற்றிடத்துக்கு நேராகத் தொங்கவிட்டார். படம் அவர் நாற்காலிக்கு மேலே போயிற்று.

"மாதா கோயிலுக்குப் போறவங்க முருகனை வெச்சுக்கினு என்னக்கா பண்ணப் போறீங்க?" என்று சீண்டினேன்.

"நான் வாங்கினது மயில. அவர் மேல ஏறி உக்காந்துக்கிட்டா நான் என்ன பண்றது?"

"வாங்கிட்டீங்கள்ல, அப்புறம் எதுக்கு அட்டை?"

"நான் இருக்குற வரைக்கும் எனக்கு. அப்புறம் இந்த விலைக்கு, மொதல்ல கேட்டவங்களுக்கு."

"அப்ப நான்தான் மொதல்ல கேக்குறேன்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சரி என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார்.

அதிலிருந்து அவர் பக்கச் சுவரில் எல்லாப் படங்களுக்கும் அட்டை. அந்தக் காலத்து ரயில் டிக்கெட் அளவுதான் இருக்கும். விலை, அதன் கீழே படத்தின் குறை: கண்ணாடியில் கீறல், ஓரத்தில் செல்லரிப்பு, கை விரல் பிற்பாடு வரைந்தது. விலையை ஏற்ற வேண்டுமென்றால் படத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, சில வாரம் கழித்துப் புது அட்டையோடு மாட்டுவார். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் படத்தின் விலை ஏறக் கூடாது என்பது அவர் சட்டம். மதிப்பு பிடிபடாத படத்துக்கு, "விலை இன்னும் தெரியவில்லை, அடுத்த மாதம் வரவும்" என்று எழுதித் தொங்கவிடுவார். அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்த ஒருவர், அடுத்த மாதம் சரியாக வந்து அந்தப் படத்தை வாங்கிப் போனார்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு படம் யாரோ ஒருவருக்குத்தான் உயிர். அந்த ஆள் வரும்வரை விலையைத் திறந்து வைப்பதுதான் படத்துக்கு மரியாதை என்பேன். "உயிருன்னு தெரிஞ்சுகிட்டு அவங்க கிட்டயே ஜாஸ்தி புடுங்குறதா மரியாதை?" என்பார் அக்கா. ஒவ்வொரு முறையும் நான்தான் தோற்பேன்.

ஆனால் ஒருமுறை நான் ஜெயித்தேன். ஜெயித்ததாகத்தான் நினைத்தேன். அடையாறிலிருந்து வழக்கமாக வரும் ஒருவரை நாங்கள் அடையாறு சார் என்றே சொல்வோம். அவர் ஒரு கண்ணாடி ஓவியத்தின் அட்டையைப் படித்தார், வாய் திறக்காமல் முழுப் பணத்தையும் எடுத்தார். அவர் பேரமே பேசாததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. அக்காவை உள்ளே இழுத்துப் போய், "குடுக்காதீங்கக்கா, விலை கம்மியா போட்டுட்டீங்க. ஆஃபர் கேளுங்க" என்றேன். "எழுதியாச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார். கொடுத்துவிட்டார். அந்த ஓவியம் பிறகு ஏலத்தில் போன விலையைக் கேள்விப்பட்டு நான் அவரோடு பேசுவதையே நிறுத்தினேன். அவரோ, "அது அவர் படிச்ச படிப்புக்குக் கூலி. நான் படிக்கல, எனக்குக் கெடைக்கல" என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து ஏல விவரங்களைப் போனில் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தார். என்ன மனுஷி இவர் என்று பிரமித்துப்போனேன்.

சுமதி வந்த நாளில் என் வாதம் மொத்தமும் ஆட்டம் கண்டது. சுமதியின் ஊர் பக்கத்திலிருக்கும் முடிச்சூர். பெருவெள்ளத்தில் வீட்டிலிருந்த படங்களெல்லாம் ஊறி நாசமாகிவிட்டன. சில வாரங்களாக அவள் வெளியே நின்று, கண்ணாடிக் கதவு வழியாக எதையோ பார்த்துவிட்டுப் போவதை நான் கவனித்திருந்தேன். ஒருநாள் உள்ளே வந்து, தவழும் கண்ணன் படத்தைக் காட்டி, அட்டையில் இருந்த தொகையை அப்படியே கொடுத்தாள். எங்கம்மா வீட்ல இதே மாதிரிதான் இருந்துச்சு என்றாள். "ஒரு வார்த்தை உள்ள வந்து கேட்டிருக்கலாமேம்மா?" என்றேன்.

"கேட்டா நீங்க எவ்ளோ வெச்சிருக்கன்னு கேப்பீங்க அண்ணா. வெலை எழுதிகீதுன்னுதான் தைரியமா வந்தேன்."

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படத்தைத் துணியில் சுற்றுவதிலேயே கவனமாக இருந்தார். அவர் அன்று ஏதாவது குத்திக்காட்டியிருந்தால் எனக்குத் தேவலாம்போல இருந்திருக்கும்.

உடம்புக்கு முடியாமல் அவர் படுத்தபோது வைத்தியத்துக்குப் பணம் தேவைப்பட்டது. அவருடைய படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அதிகம் கேட்பவருக்குக் கொடுக்கலாம் என்று உங்களில் சிலர் சொன்னீர்கள். நல்ல மனசோடுதான் சொன்னீர்கள். போய்க் கேட்டவன் நான். "படத்துக்குக் குடுப்பாங்களா, என் வியாதிக்குக் குடுப்பாங்களான்னு எனக்கே தெரியாமப் பூடும், தயாளன் தம்பி. அட்டையில இருக்குறதுக்கே வித்துடுங்க" என்றார். அப்படியே விற்றோம். சுவர் காலியானது. அவர் நாற்காலியும் அதற்கு மேலே மயிலும் மட்டும் மிஞ்சின.

பல்லாவரத்தில் அவர் வீட்டு ஜெபக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, அடையாறு சார் என் தோளில் கை வைத்து மயிலைப் பற்றிக் கேட்டார். ஒரு லட்சம் தருவதாகச் சொன்னார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆஸ்பத்திரிச் செலவில் ஆல்வின் எவ்வளவு நொந்துபோயிருந்தான் என்பது எனக்குத் தெரியும். உடனே அவனைத் தேடிப்போய், "அவருக்கே குடுத்துடுடா" என்றேன்.

அடுத்த வாரம் அவன் கடைக்கு வந்து மயிலைக் கழற்றி என் மேஜைமேல் வைத்தான். "மொதல்ல கேட்டது நீங்கதானாம் அங்கிள். ஏழாயிரம்."

"டேய், அவர் ஒரு லட்சம் தரேங்கிறாருடா!"

"அட்டையப் பாருங்க."

அவனோடு மல்லுக்கட்ட முடியவில்லை. ஓர் உறையில் என்னால் முடிந்த வரை அதிகமாகவே வைத்துக் கொடுத்தேன். வாழ்நாளெல்லாம் நீங்களே சொல்லுங்க என்று கேட்டவன், கூடுதலாக வாங்கிக்கொள்ளும்படி அந்தப் பையனிடம் கெஞ்சினேன். அவன் ஏழாயிரத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை என் சட்டைப் பையிலேயே திணித்தான். "நீங்க ஜாஸ்தி குடுக்கப் பாப்பீங்கன்னும் அம்மா சொல்லிட்டாங்க அங்கிள்" என்றான். இருவரும் சிரித்தோம். அப்புறம் சிரிப்பை நிறுத்த முடியாமல் அழுதோம்.

மயில் இப்போது என் நாற்காலிக்கு மேலே இருக்கிறது. அதே அட்டை, அதே ஏழாயிரம். சென்ற வாரம் சுமதி வந்தாள். அக்கா போன செய்தி அவளுக்கு அன்றுதான் தெரிந்திருக்கிறது. அக்காவின் காலி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு என் தலைக்கு மேலே தொங்கிய அட்டையைப் படித்துவிட்டு, "இதான் வெலையா அண்ணா?" என்று கேட்டாள். நீங்களே சொல்லுங்கம்மா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"அதான் விலை. ஆனா நான் போற வரைக்கும் பொறுத்துக்கணும்" என்றேன்.

அட்டையின் பின்பக்கம் அவள் பெயரை எழுதிவிட்டேன். என் மகனிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்: அந்தம்மா எவ்வளவு கொடுத்தாலும் ஏழாயிரத்துக்கு மேல் வாங்காதே.