தொப்பிக்குக் கீழே நங்கூரம்

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பதினொரு கட்டடங்களில் இருபத்துமூன்று லிஃப்ட்டுகள் அவர் பொறுப்பு. அந்தக் கட்டடங்களில் அவருக்குப் பெயரே கிடையாது, 'லிஃப்ட்டுக்காரர்'தான். எது நின்றுபோனாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்: "கடைசியா எப்போ நல்லா ஓடுச்சு?" அப்புறம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பார்ப்பார். மாற்றியதை மெஷின் ரூமில் தொங்கும் அட்டையில் தேதி போட்டு எழுதுவார். வீட்டிலும் இதே கூத்துதான். எங்கள் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்குகிறது. எனக்கும் ஒன்று எங்காவது மாட்டி வைத்திருப்பாரோ என்று சந்தேகம் உண்டு.

அவருக்கு ஓர் அக்கா, நான்கு வயது மூத்தவர். பள்ளியில் வேதியியல் ஆசிரியை. நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். என் மாமியார் காலமான பிறகு இவர்கள் இருவரும் போனில் பேசிக்கொள்வதைக் கேட்டால் எனக்கே கஷ்டமாக இருக்கும். "பிரஷர் மாத்திரை போட்டியா?" "போட்டேன்க்கா." "தண்ணித் தொட்டி கழுவினியா?" "கழுவியாச்சு." "சரி, வைக்கிறேன்." அவ்வளவுதான். சண்டை ஒன்றும் இல்லை. பேச விஷயமும் இல்லை.

இப்படி இருக்கும்போது அண்ணியின் கணவருக்கு வேலை மாற்றல் வந்தது. ரயிலில் போனாலே இரண்டு நாள் ஆகும் ஊர். அவர் சாமான்களோடு முன்னாலேயே போய்விட்டார். அண்ணி பரீட்சைத் தாள்களை ஒப்படைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்து, அன்று மாலை ஐந்தரை மணி ரயிலைப் பிடிப்பதாக ஏற்பாடு.

அதைக் கேட்ட நாளிலிருந்து இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பரணில் ஏறி, இருமி, தும்மி, ஓர் அட்டைப்பெட்டியோடு இறங்கினார். உள்ளே ஒரு சிடி. மேலே ஒரு கலங்கரை விளக்கமும் தாடிக்காரக் கப்பல் கேப்டனும்.

"இது என்ன?"

"கலங்கரைக் கதை. நானும் அக்காவும் ஆடினது. பாதியில நின்னுபோச்சு." பெட்டியை முழங்கையால் துடைத்தார். "அவ போறதுக்குள்ள ஒரு நாளாவது எங்க அக்காவா இருக்கணும். மத்தபடி ஏதோ ரெண்டு ஆபீஸ்காரங்க மாதிரி பேசிக்கிறோம்."

அவர் அப்படியெல்லாம் மனசைத் திறந்து பேசுகிற ஆள் இல்லை. நான் கிண்டலைத் தள்ளி வைத்துவிட்டு லேப்டாப்பை எடுத்து வந்தேன்.

அந்தக் காலத்து சாகச விளையாட்டு அது. சுடுவது, ஓடுவது எதுவும் கிடையாது. திரையில் ஓர் அறையின் படம் இருக்கும். கீழே 'பார்', 'எடு', 'திற', 'கொடு', 'பயன்படுத்து' என்று சொற்கள், எல்லாம் ஆங்கிலத்தில். ஒரு சொல்லை அமுக்கி, பிறகு ஒரு பொருளை அமுக்க வேண்டும். அப்படியே புதிரை அவிழ்த்து அவிழ்த்துக் கதைக்குள் போக வேண்டும். அப்போது இவருக்குப் பதினாலு வயது, மவுஸ் இவர் கையில். அண்ணிக்குப் பதினெட்டு. ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் கட்டிலில் உட்கார்ந்து, இவர் வாசிக்கிற வரிகளுக்கு அர்த்தம் பார்த்து, என்ன செய்ய வேண்டும் என்று உத்தரவு போடுவாராம். மூளை அவர், கை இவர்.

சிடியை இப்போதைய லேப்டாப்பில் எங்கே போடுவது? அதில் துளையே இல்லை. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எங்கள் பழைய மெஷின் ஒன்று இன்னமும் சிடியில்தான் ரிப்போர்ட் எழுதும், அதற்காக வெளியில் செருகுகிற டிரைவ் ஒன்று உண்டு. மேலாளரிடம் பல்லைக் காட்டி வாங்கி வந்தேன். சிடி சுழன்றது, படிக்கவும் செய்தது. ஆனால் விளையாட்டைத் தொடங்கினால், இந்தக் கம்ப்யூட்டரில் இது ஓடாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டது.

மறுநாள் ஏதோ ஒரு கட்டடத்தில், ஆறாவது மாடியில் இருக்கும் ஒருவர் இவருக்கு வழி சொல்லியிருக்கிறார். பழைய சாகச விளையாட்டுகளைப் புதிய கம்ப்யூட்டரில் ஓட்டுவதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறதாம். ஆர்வலர்கள் சேர்ந்து செய்தது, இலவசம். இவர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அதை நெட்டிலிருந்து இறக்கினார். திறந்தார். ஒரு வெற்று ஜன்னல். ஓரத்தில் 'சேர்' என்று ஒரு பொத்தான். அவ்வளவுதான்.

"உள்ள ஒண்ணுமே இல்லையே! பாதிதான் இறங்கியிருக்கு" என்று அதை அழித்துவிட்டு மறுபடி இறக்கினார். மூன்றாவது முறையும் அதே வெற்று ஜன்னல் வந்தபோதுதான் நான் மூக்கை நுழைத்தேன்.

"ஏங்க, விளையாட்டு நம்மகிட்ட இருக்கிற சிடியிலதானே இருக்கு? இது அதை ஓட்டிக் காட்டுறதுதானே?"

"அதாவது, ஷாஃப்டும் மோட்டாரும் இவங்க குடுத்திருக்காங்க. கூண்டு நம்மளுது."

"ஏதோ ஒண்ணு. சேர்த்துப் பாருங்க."

ஓர் அட்டை எடுத்து எழுதினார்: '1. மென்பொருள் நல்ல நிலையில் உள்ளது. விளையாட்டை நாம்தான் வைக்க வேண்டும்.'

அடுத்த இரண்டு மாலைகள் எங்கள் வீட்டில் சமையலைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை. சிடியில் கேப்டன் படம் போட்ட கோப்பு ஒன்று இருந்தது. விளையாட்டு என்றால் அதுதான் என்று நினைத்து, அதை மட்டும் ஒரு ஃபோல்டரில் போட்டு, 'சேர்' பொத்தானை அமுக்கினார். 'இங்கே எந்த விளையாட்டும் இல்லை' என்றது. பெயரை மாற்றிப் பார்த்தார். வேறு ஃபோல்டரில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் அட்டையில் ஒரு வரி. மென்பொருளின் குறிப்பை உட்கார்ந்து படித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தக் கேப்டன் கோப்பு தொடங்கி வைப்பதற்கு மட்டும். அந்த வேலையை இப்போது மென்பொருளே பார்த்துக்கொள்ளும். அதற்கு வேண்டியது மற்ற கோப்புகள்: படம், பாட்டு, பேச்சு எல்லாம் இருக்கிற, பார்க்க லட்சணமே இல்லாத பெரிய பெரிய கோப்புகள்.

"பட்டனை மட்டும் கழட்டிக்கிட்டு வந்து லிஃப்ட் எங்கேன்னு தேடியிருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

முழு சிடியையும் ஒரே ஃபோல்டரில் பிரதி எடுத்து, மறுபடி 'சேர்' அமுக்கினார். இந்த முறை அது விளையாட்டின் முழுப் பெயரையும், எந்த மொழி, எந்தப் பதிப்பு என்பதையும் கடகடவென்று சொல்லிவிட்டது. இவர் 'ஹே!' என்று போட்ட சத்தத்தில் அடுப்பில் வைத்ததை மறந்து நானும் ஓடி வந்தேன். 'தொடங்கு' என்றதும் கலங்கரை விளக்கம் வந்தது, அலை வந்தது, கீச்சுக்குரலில் ஒரு பாட்டு வந்தது. நாற்பது வயது ஆள், இரண்டு கையாலும் மேசையில் தாளம் போட்டார். படம் கொஞ்சம் நசுங்கித் தெரிந்தது. அதற்கும் ஒரு தேர்வு இருந்தது, அமுக்கினார், கேப்டன் நிமிர்ந்து நின்றார்.

அதோடு கேப்டன் ஒரு கேள்வியும் கேட்டார். திரையில் இரண்டு படங்கள், மேலே தொப்பி, கீழே கொக்கி. 'எண் என்ன?'

இவர் முகம் வாடிவிட்டது. "சக்கரம்" என்றார்.

அந்தக் காலத்தில் திருட்டுப் பிரதியைத் தடுக்க அப்படி ஒரு வழி வைத்திருந்தார்களாம். பெட்டிக்குள் அட்டையால் செய்த சக்கரம் ஒன்று வரும். தொப்பியையும் கொக்கியையும் நேராகத் திருப்பி வைத்தால் ஒரு சின்ன ஓட்டையில் எண் தெரியும். ஒவ்வொரு முறையும் வேறு படம், வேறு எண்.

"சரி, எடுங்க சக்கரத்தை."

"அது அக்காகிட்ட இருக்கு."

அப்போதுதான் முழுக் கதையும் வெளியே வந்தது. கலங்கரையின் உச்சி அறையில் ஒரு பெரிய கடிகாரம். அதைத் தாண்ட முடியாமல் இருவரும் மாதக்கணக்கில் முட்டியிருக்கிறார்கள். அண்ணி ஒரு யோசனை சொல்ல, அது பலிக்காமல் போக, இவர் கோபத்தில், "உன் யோசனையை எல்லாம் கேட்டதாலதான் இப்படி மாட்டிக்கிட்டு நிக்கிறோம்" என்று கத்தியிருக்கிறார். அண்ணி சக்கரத்தை எடுத்துக்கொண்டு, "நான் இல்லாம நீ எப்படித் தொடங்குறேன்னு பாக்கிறேன்" என்று எழுந்து போய்விட்டார். அடுத்த மாதம் கல்லூரி விடுதி. சக்கரமும் கூடவே போனது. இருபத்தாறு வருஷம்.

வெள்ளிக்கிழமை போன் செய்தார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"அக்கா, அந்த அட்டைச் சக்கரம் இருக்கா?"

"எந்தச் சக்கரம்?"

"கலங்கரைக் கதையோடது."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"எல்லாத்தையும் மூட்டை கட்டி அனுப்பியாச்சுடா. மாத்திரை போட்டியா?"

போட்டதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அன்று அவர் சாப்பிட்ட லட்சணத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "சிடியையாவது காட்டுங்க, பெட்டியைப் பார்த்தாலே அவங்களுக்கு சந்தோஷமா இருக்கும்" என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. சனிக்கிழமை முழுக்க லேப்டாப்பை நோண்டிக்கொண்டு உம்மென்று இருந்தார்.

ஞாயிறு பத்து மணிக்கு அண்ணி வந்தார். ஒரு பெட்டி, ஒரு கைப்பை. தண்ணீர் குடித்தார், தண்ணித் தொட்டியைப் பற்றி விசாரித்தார். பிறகு ஹாலில் மேசை மேல் இருந்த பெட்டியைப் பார்த்தார், பக்கத்தில் திறந்திருந்த லேப்டாப்பைப் பார்த்தார், அதில் பல்லிளித்துக்கொண்டிருந்த கேப்டனைப் பார்த்தார்.

"டேய் மூஞ்சூறு" என்றார். அந்தப் பட்டப்பெயரை நான் அதுவரை கேட்டதே இல்லை. "ஓட வெச்சிட்டியா?"

"ஓடுது. கேள்வி கேட்டு நிக்குது."

அண்ணி கைப்பையைத் திறந்தார். மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியிலிருந்து, பாலித்தீன் உறையில் பத்திரமாகப் போட்டு வைத்த அட்டைச் சக்கரத்தை வெளியே எடுத்தார். ஓரமெல்லாம் நைந்திருந்தது.

"மூட்டை கட்டியாச்சுன்னு சொன்னே!"

"இருக்குன்னு சொன்னா போன்லயே நம்பரைக் கேட்டுத் தனியா தொடங்கிடுவே. உன்னை எனக்குத் தெரியாதா?"

இவர் அக்காவைத் தூக்காத குறைதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. பழைய சேமிப்பு எல்லாம் பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டதால் முதலிலிருந்துதான் ஆடினார்கள். ஆனால் எதுவும் மறக்கவில்லை. "மீன் கடைக்காரன்கிட்ட மூணு தடவை பேசணும்." "கயிறு படகுக்கு அடியில." "அந்த வாத்தைத் தொடாதே, போன தடவை என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கில்ல?" சாப்பாட்டுத் தட்டை நான் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. மூன்றேகாலுக்கு உச்சி அறை வந்தது. கடிகாரம் நின்றுபோய் இருந்தது. கையில் ஒரு பித்தளைச் சாவி.

பழைய சண்டை அறைக்குள் எட்டிப் பார்த்தது.

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் அண்ணி. "கடிகாரத்துக்கு சாவி கொடுன்னு."

"கொடுத்தேன்க்கா. அது வாங்கலையே."

"எங்கே, இப்ப கொடு."

இவர் அமுக்கினார். 'கடிகாரம் பணிவோடு மறுத்துவிட்டது' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. "பாத்தியா? அன்னிக்கும் இதேதான் சொல்லுச்சு."

அண்ணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு அருகே வந்தார். பதினெட்டு வயதில், கண்ணாடி போட்டால் அழகு கெட்டுவிடும் என்று போடாமல் திரிந்தவராம். கட்டிலிலிருந்து பார்த்தால் திரையில் எழுத்தே தெரிந்திருக்காது.

"நீ என்ன சொல்லை அமுக்கினே?"

"'கொடு'."

"எதுக்குடா 'கொடு'?"

"நீதானே சாவி கொடுன்னு சொன்னே!"

"அட மக்குப் பயலே! சாவி கொடுன்னா முறுக்கி ஓட விடறதுடா! கடிகாரத்துக்கு சாவியை நீட்டி, இந்தா வாங்கிக்கோன்னா நின்னே?"

இவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அண்ணி முகத்தைப் பொத்திக்கொண்டு சோபாவில் சரிந்துவிட்டார். எனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார வேண்டியதாயிற்று. இங்கிலீஷ்காரனுக்கு சாவியைக் கொடுப்பது வேறு, கடிகாரத்தை முறுக்குவது வேறு. நமக்குத்தான் இரண்டும் ஒன்று. இருபத்தாறு வருஷமாக அண்ணியின் யோசனை சரி, இவர் அமுக்கிய சொல்தான் தப்பு.

"நீ சொன்னது சரிக்கா" என்றார் சிரிப்பு அடங்கியதும். "அன்னிக்குக் கத்தியிருக்கக் கூடாது."

"விடுடா" என்று அண்ணி அவர் தலையில் ஒரு குட்டு வைத்தார். "'பயன்படுத்து' அமுக்கு."

அமுக்கினார். சாவி சுழன்றது, கடிகாரம் ஓடியது, சுவரில் ஒரு கதவு திறந்தது. உள்ளே கீழே இறங்கும் படிக்கட்டு, இருட்டில் எங்கேயோ கடல் சத்தம். முடிவு வெகுதூரத்தில் இருந்தது, ரயிலுக்கோ நேரம் நெருங்கிவிட்டது. அந்த இடத்தில் சேமித்தார்கள். அண்ணியின் போனிலும் அதே மென்பொருள் ஓடுமாம். ஆட்டோ வருவதற்குள் இவர் விளையாட்டையும் சேமித்ததையும் அதில் ஏற்றிக் கொடுத்தார். அண்ணி சக்கரத்தை உறையில் போட்டுக் கைப்பைக்குள் வைத்தார்.

"அது எனக்கு வேணுமே அக்கா?"

"தொடங்கணும்னா போன் பண்ணு."

அண்ணி போய் இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் வாஷிங் மெஷின் அட்டையைத் தேடினேன், தப்பான அட்டை கையில் வந்தது. விளையாட்டுக்கு எழுதியது. கடைசி வரியில் அண்ணி வருவதற்கு முந்தைய நாள், அந்த சனிக்கிழமைத் தேதி போட்டிருந்தது: '9. சக்கரக் கேள்வியைத் தவிர்க்க அமைப்புகளில் டிக் போட ஒரு கட்டம் உள்ளது. சோதித்தேன், வேலை செய்கிறது. தேவையில்லை. டிக்கை எடுத்துவிட்டேன்.'

அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஹாலில் இவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"அக்கா, மேலே தொப்பி. கீழே நங்கூரம்."

"இரு, கண்ணாடி போட்டுக்கிறேன்" என்றார் அண்ணி.