இரண்டு விலாசம் உள்ள போன்

எங்கள் வெண்ணந்தூர் கிளினிக்கின் மேசை போனில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. காயத்துக்குப் போடுவோமே, அதே பிளாஸ்திரிதான். அதன்மேல் நீலப் பேனாவில் 'தொடாதே' என்று எழுதியவர் பெரிய சிஸ்டர். பிள்ளைகளா, அது எனக்காக எழுதியது. அங்கே ஒயர் இழுப்பதும் போன் பார்ப்பதும் என் வேலை.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் பெரிய டாக்டர் எங்கள் நோயாளிகளை வீடியோவில் பார்ப்பார். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி, இப்படிப் பேசும் ஒவ்வொரு போனுக்கும் இன்டர்நெட்டில் ஒரு விலாசம் உண்டு. பழைய விலாசங்கள் உலகத்துக்குப் போதாமல் போய், நீளமான புது விலாசங்கள் வந்தன. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற முடியாது, கொஞ்ச காலம் இரண்டும் சேர்ந்தே ஓடும் என்று சொல்லி, எங்கள் நெட்வொர்க்கைப் பார்க்கும் இன்ஜினியரம்மா ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்கம்மா, ஒரே ஆளு ரெண்டு விலாசம் வெச்சிருந்தா ஊருக்குள்ள அவன என்னன்னு சொல்லுவாங்க?" என்றார் சிஸ்டர். இன்ஜினியரம்மா சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை. டாக்டர் சொல்லும் மருந்தை அளவோடு திருப்பிச் சொல்லி, அவர் 'ஆமா' என்ற பிறகே ஊசியைத் தொடுகிறவர் அவர். வீடியோவை மாற்ற விட்டார். மேசை போனும் இன்டர்நெட்டில் பேசுவதுதான், ஆனால் அதை மட்டும் மாற்ற விடாமல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்.

ஒரு மத்தியானம் நெஞ்சுவலியோடு ஒரு தறிக்காரரைக் கொண்டுவந்தார்கள். டாக்டர் சொன்னபடி ஓர் ஊசி போட்டும் வலி அடங்கவில்லை. மறுபடி வீடியோவில் கூப்பிட்டோம். டாக்டர் முகம் தெரிந்தது, வாய் அசைந்தது, குரல் மட்டும் வரவில்லை. அவர் இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டாவது ஊசி போடச் சொல்றாருங்க சிஸ்டர், சீக்கிரம் போடுங்க!" என்று தறிக்காரரின் மகன் கத்தினான்.

"வெரலப் பாத்து ஊசி போட நானென்ன கிளி ஜோசியமா பாக்கறேன்? செத்த பொறு சாமி."

சிஸ்டர் மேசை போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டார். அதில் அவர் குரல் வந்தது: "ரெண்டு நிமிஷம் பொறுங்க. வீடியோவுல மெஷின் தெரியுது, பிரஷர் ரொம்ப இறங்குது, இன்னொரு ஊசி வேண்டாம்." சிஸ்டர் அதையும் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொன்னார். தறிக்காரர் பிழைத்தார்.

அழைப்பும் படமும் புது விலாசத்தில் போயிருக்கின்றன. குரலைக் கடத்த நடுவில் இருந்த பெட்டிக்குப் பழைய விலாசம் மட்டுமே தெரியும், அதனால் குரல் அங்கேயே நின்றுவிட்டது. இன்ஜினியரம்மா மறுநாளே அதைச் சரிசெய்தார். ஆனாலும் சிஸ்டர் பிளாஸ்திரியை எடுக்கவில்லை.

இப்போது அவர் ஓய்வுபெற்று ஓமலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். கிளினிக்கில் பழைய விலாசத்தில் மிச்சம் இருப்பது மேசை போன் ஒன்றுதான். அதையும் மாற்றிவிடலாம் என்று இன்ஜினியரம்மா சொல்லிவிட்டார். நான் புது வீடியோவில் டாக்டரைக் கூப்பிட்டு, ஏதாவது ஒரு மருந்துப் பேர் சொல்லச் சொன்னேன். திருப்பிச் சொன்னேன். 'ஆமா' என்றார். குரல் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது.

நகத்தால் பிளாஸ்திரியின் ஓரத்தைக் கிளப்பினேன். எதற்கும் நாளைக்கு இன்னொரு தரம் டாக்டர் குரலைக் கேட்டுவிடலாம் என்று, கட்டைவிரலால் மறுபடி அழுத்தி ஒட்டிவிட்டேன்.