மலைமேல் அளந்த காற்று

தங்கச்சி வீட்டுக்காரர் போனில் சுருக்கமாக முடித்துவிட்டார். “மச்சான், கயிறு அறுந்து மோட்டார் கெணத்துக்குள்ள போயிருச்சுங்க. ஊருக்கே குடிதண்ணி இல்ல. கடல்ல முங்கறவரு நீங்க இருக்கறப்ப நாங்க எதுக்கு வெளிய ஆளு தேடோணும்?”

நான் கடலோரத்தில் ஒரு டைவிங் கம்பெனியில் இருக்கிறேன். முங்குவதைவிட, முங்க வருகிறவர்களின் காலில் துடுப்பை மாட்டிவிடுவதுதான் அதிகம். இது கொல்லிமலையில் எங்கள் தேவனூர் நாட்டில் யாருக்கும் தெரியாது. நானும் சொல்லிக்கொண்டதில்லை.

கையில் கிடைத்தது கால்வாசிக் காற்று மிச்சமிருந்த ஒரு அலுமினிய டேங்க். போதாதுதான். ஆனால் ஊரில் கட்டிலுக்கடியில் பழைய இரும்பு டேங்க் ஒன்று முழுசாகக் கிடக்கிறது, அதில் இறங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். மலையடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு எத்தனை என்று காட்டும் மீட்டரை வெளிக்காற்றில் பிடித்து, முறைப்படி இருபது புள்ளி ஒன்பதுக்குத் திருகி வைத்தேன். அங்கே செய்ய வேண்டிய அவசியமே இல்லை. டீக்கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் செய்தேன்.

“சிலிண்டர்ல என்னங்க, கேஸா?” என்றார் கண்டக்டர்.

“காத்துங்க.”

“கொல்லிமலைக்குக் காத்து கொண்டுட்டுப் போற மொத ஆளு நீங்கதானுங்க.”

கிணற்றைச் சுற்றி ஊரே காலிக்குடத்தோடு நின்றது. இரும்பு டேங்கின் முள் ‘முழுசு’ என்று காட்டியது. ஆனால் முள்ளுக்குத் தெரிவது காற்று எவ்வளவு என்பது மட்டும்தான். என்ன காற்று என்பது அதற்குத் தெரியாது. வால்வை மெல்லத் திறந்து மீட்டரை வைத்தேன். பதினாலு.

இருபதுக்கு மேல் இருக்க வேண்டியது. சந்தேகத்தில் மீட்டரை வெளிக்காற்றில் நீட்டினேன். அங்கேயும் பத்தொன்பதைத் தொடவில்லை.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார், “கேட்டுக்கங்க சாமி, நம்ம மலைக் காத்தே மட்டமாம்! இத்தன நாளா நாமெல்லாம் எப்படித்தான் உசுரோட இருக்கறமோ!”

கிணற்றடி முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் தீர்ப்பும் வந்துவிட்டது: மீட்டர் பொய் சொல்கிறது, ஆகவே டேங்க் நல்ல டேங்க், ஆகவே நான் இறங்கலாம்.

“இறங்கமாட்டேன்,” என்றேன்.

தப்பு மீட்டரில் இல்லை, என்னிடம். அடிவாரக் காற்றின் அழுத்தத்துக்குத் திருகியதை மெல்லிய மலைக்காற்றில் பிடித்தால் குறைத்துத்தான் காட்டும். டீக்கடையில் காட்டிய பவுசுக்குக் கூலி. மறுபடி இருபது புள்ளி ஒன்பதுக்குத் திருகி, டேங்கில் மறுபடி வைத்தேன். பதினாறைக்கூட எட்டவில்லை. மீட்டர் சரியாகிவிட்டது, டேங்க் சரியில்லை. எப்போதோ உள்ளே போன ஈரத்தில் இரும்பு துருப்பிடித்து, ஆக்சிஜனைத் தின்றிருக்கிறது.

“பதினாறு ஒண்ணும் கம்மியில்லீங்களே மச்சான்? பரீச்சையில நீங்க வாங்கினதவிட ஜாஸ்தி.”

“மாப்பிள்ள, இதுல இருமலும் வராது, மூச்சும் முட்டாது. சிரிச்சுட்டே மயங்கிருவேன். அப்புறம் மோட்டாரோட சேத்து என்னையும் எடுக்க நீங்க ஆளு தேடோணும்.”

அவர் சிரிக்கவில்லை. தங்கச்சி முன்னால் வந்தாள். “அண்ணா, தண்ணி நாளைக்குக் கூட வரட்டும். நீ அதுல எறங்காத.”

வால்வை முழுக்கத் திறந்துவிட்டேன். ஊரே நம்பியிருந்த காற்று சீறிக்கொண்டு மிளகுக்கொடிப் பக்கம் போனது. ஒரு பாட்டம் திட்டும் வாங்கிக்கொண்டேன். பிறகு அலுமினிய டேங்கை அளந்தேன். இருபது புள்ளி ஒன்பது. எதற்கும் இன்னொரு தடவை. அதேதான். காற்று நல்லது, கொஞ்சம். முங்கி, தேடி, கயிறு கட்டி, ஏறிவிட வேண்டும், ஒரே முயற்சி.

கயிற்றைப் பிடித்து இறங்கி முங்கினேன். அடியில் சேறு கலங்கி என் கையே எனக்குத் தெரியவில்லை. தடவித் தடவித்தான் மோட்டாரைப் பிடித்தேன். இறங்கிய கயிற்றையே அதில் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்து, மேலே இழுக்கச் சொல்லிக் கயிற்றைச் சுண்டிவிட்டு, முள் சிவப்பைத் தொடும்போது மேலே வந்தேன். தலையை நீட்டினால் மோட்டார் எனக்கு முன்பே கரையில் இருந்தது. மொத்த ஊரும் அதைத் தொட்டிப் பக்கம் தூக்கிக்கொண்டு போகிறது. என்னை இறக்கிய கயிறும் அதோடு போகிறது.

பாசி வழுக்கும் கல்லைப் பிடித்துத் தொங்கியபடி கத்தினேன்:

“ஏனுங்க! கெணத்துல இன்னொரு உருப்படி இருக்குதுங்க!”