காதுகுத்துக்கு வந்த பறக்கும் படை

ஒரு காதுகுத்து நிஜமான காதுகுத்துதான் என்று அரசாங்கத்துக்கு எப்படி நிரூபிப்பீர்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வரை எனக்கும் இந்தக் கேள்வி எழுந்ததில்லை.

பக்கத்துத் தொகுதியில் இடைத்தேர்தல். சட்டமன்ற உறுப்பினர் பதவி விலகிவிட்டார். காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்பது சட்டம். நிரப்புகிற வேலை சும்மா நடக்குமா? அமைச்சர்கள், கொடி கட்டிய கார்கள், விருந்துகள்... தொகுதிக்குள் சாப்பாடு போட்டால் கட்சிக்காரர்கள் மாட்டிக்கொள்வார்களாம். அதனால் வாக்காளர்களை வேனில் ஏற்றித் திருத்தணி மண்டபங்களில் பந்தி போடுவதாகப் பேச்சு. கேட்டால் கல்யாணம், காதுகுத்து என்று சொல்லிக்கொள்ளலாம்.

முனிரத்தினம் அந்தத் தொகுதிக்காரர். நான்கு விசைத்தறி வைத்திருக்கிறார். எனக்குப் பல வருஷப் பழக்கம். மகனுக்கு மலைமேல் மொட்டை, அடிவாரத்து மண்டபத்தில் காதுகுத்து. அழைத்திருந்தார், போனேன்.

குழந்தையைக் காணோம். தாய்மாமன் தேசப்பனும் குழந்தையின் அம்மாவும் அவனைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போயிருந்தார்கள். மொட்டை போடுகிற இடத்தில் கூட்டம். ஊரிலிருந்து மூன்று வேனில் வந்தவர்களுக்கோ பசி. முனிரத்தினம் முதல் பந்தியைப் போடச் சொல்லிவிட்டார்.

ரசம் வரும்போது தேர்தல் பறக்கும் படை நுழைந்தது. ஒரு பெண் அதிகாரி, இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு வீடியோகிராஃபர்.

"என்ன விசேஷம்?"

"காதுகுத்துங்க."

"குழந்தை எங்கே?"

"மலையில மொட்டை அடிச்சிகினு கீறாங்க மேடம். இதோ வந்துடுவாங்க."

"குழந்தை இல்லாம காதுகுத்தா?"

முனிரத்தினம் பத்திரிகையை நீட்டினார். அதிகாரி அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதை யாரு வேணும்னாலும் அடிக்கலாங்க."

"பிரியாணி கூட இல்ல மேடம், வடை பாயசம்தான்..."

"கட்சிக்காரங்களும் இப்போ உஷாராயிட்டாங்க. வெளியூர் வேன், இடைத்தேர்தல் தொகுதி ஓட்டு, விசேஷத்துக்குக் குழந்தையே இல்ல. பந்தியை நிறுத்துங்க. பாத்திரத்தை எல்லாம் ஜீப்புல ஏத்தணும்."

இன்னும் இருநூறு பேர் சாப்பிட வேண்டும். முனிரத்தினம் மைத்துனருக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. போலீஸ்காரர் சாம்பார் அண்டாவில் கை வைத்தபோது, தேசப்பன் வாசலில் வந்து நின்றார். தோளில் சந்தனம் பூசிய மொட்டைத்தலை. பின்னால் அவருடைய அக்கா, குழந்தையின் அம்மா.

பறக்கும் படையை அவர் பார்க்கவேயில்லை. இலைகளைத்தான் பார்த்தார்.

"இன்னா பாவா, பந்தி போட்டுட்டியா?"

"மச்சான், பசின்னாங்க..."

"மாமங்காரன் மடியில வெச்சி காது குத்தறதுக்கு முன்னாடியே உனக்கு இன்னா பந்தி? அப்போ நான் இன்னாத்துக்கு? நீயே உன் மடியில வெச்சி குத்திக்கோ!"

குழந்தையை அக்கா கையில் கொடுத்தார். தோளில் இருந்த பட்டுத்துண்டை உதறிக் கீழே போட்டார். "நம்ம ஆளுங்க எல்லாம் எழுந்திரிங்கப்பா!"

எழுந்தார்கள்! ஒரு வரிசை முழுக்க, ரசம் ஊற்றிய இலையை விட்டு எழுந்தது. ஒரு பெரியவர் மட்டும் வடையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அதிகாரி அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீடியோகிராஃபரிடம், "போதும், ஆஃப் பண்ணுப்பா" என்றார். போலீஸ்காரர் அண்டாவிலிருந்து கையை எடுத்தார்.

முனிரத்தினம் துண்டை எடுத்து, உதறி, மைத்துனர் தோளில் போட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளப் பத்து நிமிஷம் ஆனது. மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழுதபோது பறக்கும் படை கிளம்பிக்கொண்டிருந்தது. பாயசம் வேண்டாம் என்று தண்ணீர் மட்டும் குடித்த அதிகாரியிடம், எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன்.

"போலி விசேஷத்துல யாரும் கோச்சிக்க மாட்டாங்க சார். எல்லாரும் சிரிச்சிகினு சாப்பிடுவாங்க."

யோசித்துக்கொண்டே வீடு திரும்பினேன். சட்டமன்றத்தில் ஓர் இடம் மாதக்கணக்கில் காலியாக இருக்கிறது; தொகுதியில் ஒருவரும் கோபித்துக்கொண்டு எழுந்ததாகத் தெரியவில்லை. ஒரு தாய்மாமனின் இடம் அரைமணி நேரம் காலியாக இருந்ததற்கு ஒரு வரிசையே எழுந்துவிட்டது!

இதைப் படித்துவிட்டு, அடுத்த இடைத்தேர்தல் விருந்துக்கு யாராவது ஒரு கோபக்கார மாமனையும் சேர்த்து ஏற்பாடு செய்தால்... அதற்கு நான் பொறுப்பல்ல.