பீங்கான் கரண்டி

சின்ன வயதில் எனக்குப் பேய் பிசாசிடமெல்லாம் பெரிய பயம் கிடையாது. அவை புளியமரத்தில் இருப்பவை. நாம் அந்தப் பக்கம் போகாவிட்டால் அவையும் இந்தப் பக்கம் வராது. என் பயமெல்லாம் சைக்கிளில் வரும் சீனாக்காரரிடம்தான். பட்டுத்துணி விற்கிறவர். மதுரையில் எங்கோ தங்கிக்கொண்டு, பெரிய மூட்டையைச் சைக்கிளுக்குப் பின்னால் கட்டி, திண்டுக்கல் ரோட்டில் ஊர் ஊராக மிதித்து எங்கள் ஊரான பரவை வரைக்கும் வருவார். அந்த மூட்டையில் துணிக்கு அடியில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அத்தை சொல்லியிருந்தாள். சோற்றுக்கு அடம்பிடித்தால் போதும், "இந்தா வாரான் பாரு சீனாக்காரன்" என்பாள். நான் அகத்திக்கீரையைக்கூட மென்று தின்றேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. இளவயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்தவள். வீட்டுச் சாவி அவள் இடுப்பில். அப்பாவுக்குச் சந்தையில் வெங்காய வியாபாரம். அவர் வாய் திறப்பதெல்லாம் சந்தையில்தான். வீட்டுக்குள் அக்கா சொன்னதுதான் சட்டம். அந்தச் சட்டத்துக்குள் அடங்கி இருந்தவள் அம்மா. விடியுமுன் எழுந்தால் விளக்கு வைத்த பிறகும் நின்றுகொண்டே இருப்பாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததெல்லாம் அம்மிக்கு முன்னாலும் அடுப்புக்கு முன்னாலும்தான். அத்தையும் சும்மா இருக்கிறவள் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். இவள் மாவாட்டினால் அவள் நெல் குத்துவாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் உட்காரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் உடம்பைக் காப்பாற்றத் தனிச் சட்டம் உண்டு. காலையில் நீராகாரம், வெயில் ஏறினால் நீர்மோர், சனி வெள்ளி தப்பாமல் எண்ணெய்க் குளியல். பானைத் தண்ணீரில் வெட்டிவேர் கிடக்கும். சூடு என்ற சொல்லே வீட்டில் கெட்ட வார்த்தை மாதிரி. அப்படிப்பட்ட வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய ஏதோ ஒரு கோடையில், அந்தச் சீனாக்காரர் குடிக்க வெந்நீர் கேட்டார்.

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரே உலையாக் கொதிக்குது, இவன் வெந்நி கேக்குறானே! கொடலு வெந்து போகாது?"

அம்மா சிரித்துக்கொண்டே வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். நான் கதவுக்குப் பின்னால். அவர் ஊதி ஊதிக் குடித்துவிட்டுத் தமக்குத் தெரிந்த தமிழில் வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார். அவர்கள் ஊரில் கோடை என்றால் நெஞ்சுக்கு உரிய காலமாம். "வெயில் காலம், கோவம் வேண்டாம். நெஞ்சு கெடும். காலை இஞ்சி. கசப்பு சாப்பிடு. மத்தியானம் தூக்கம், நல்ல தூக்கம்."

"காலைல இஞ்சி, கடும்பகல் சுக்குன்னு எங்காளுக எப்பவோ சொல்லிட்டாக. இதச் சொல்லச் சீனாவுல இருந்து சைக்கிள் மிதிச்சிட்டு வரணுமாக்கும்?" என்றாள் அத்தை.

"மத்தியானம் தூக்கமாம்ல!" என்று அம்மா இன்னொரு தரம் சிரித்தாள். அத்தை திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கோடையில் வெயிலோடு அம்மையும் ஊருக்குள் வந்திருந்தது. பின் தெருவில் என்னோடு பாண்டி ஆடும் பிள்ளை ஒருத்தி அதில் போய்விட்டாள். காலையில் ஆடிக்கொண்டிருந்தவளை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. அம்மை என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது. ஆத்தா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆத்தா வந்த வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். தாளிக்கிற வாசனை வராது. வெளியாள் யாரும் படி ஏறமாட்டார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய விதி, ஆத்தா இறங்கிய உடம்பை உற்றுப் பார்க்கக்கூடாது. பார்த்தால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். முத்துப் போட்டிருப்பது கண்ணில் பட்டதுமே கையெடுத்துக் கும்பிட்டுத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும்.

ஒருநாள் நாகமலைப் புதுக்கோட்டையில் ஒரு சாவு என்று அப்பாவும் அத்தையும் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். போகும்போதே அத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்: "வடகத்தப் போட்டு முடிச்சிரு. நல்ல வெயிலு, விட்டா வராது." கூடை கூடையாகச் சின்ன வெங்காயம். சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் வருஷ வடகம் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். அம்மா காலையிலிருந்து மச்சில் நின்று உருட்டி உருட்டி வைத்தாள். நான் காக்கை விரட்டினேன். உச்சி வெயில் வந்ததும் என்னைக் கீழே போகச் சொன்னாள். அவள் இறங்கி வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். "பாப்பா, கொஞ்சம் தண்ணி" என்றாள். நான் சொம்பில் மொண்டு திரும்புவதற்குள் முற்றத்தில் சரிந்துவிட்டாள்.

தொட்டால் அடுப்புக்கல் மாதிரி சுட்டது. ஒரு பொட்டு வேர்வை இல்லை. "அம்மா, அம்மா" என்று உலுக்கினேன், கண் பாதி திறந்திருந்தும் அது என்னைப் பார்க்கவில்லை. தெருவுக்கு ஓடினேன். அம்மைக்குப் பயந்து எல்லா வீட்டுக் கதவும் சாத்திக் கிடந்தது. கத்தினேன், ஒரு கதவும் திறக்கவில்லை. புங்கமரத்து நிழலில் மட்டும் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சைக்கிள், அதன் மேல் மூட்டை.

கூப்பிட்டால் என்னைப் பிடித்து மூட்டைக்குள் போட்டுக்கொள்வார். கூப்பிடாவிட்டால் அம்மா செத்துப்போவாள். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மணல் காலைப் பொசுக்கப் பொசுக்க அங்கேயே நின்று அழுதேன். பிறகு எப்படியோ வாயிலிருந்து வந்துவிட்டது: "அண்ணே! எங்கம்மா எந்திரிக்க மாட்டேங்குறா!"

அவர் ஓடி வந்தார். ஆனால் வாசற்படி தாண்டவில்லை. வீட்டில் அப்போது ஆம்பிளை இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. வாசலிலிருந்து பார்த்தால் முற்றம் தெரியும். அங்கே நின்றபடியே "நிழல், இழு" என்றார். அம்மாவின் அக்குளில் கை கொடுத்துத் தாழ்வாரத்துக்கு இழுத்தேன். "துணி நனை, துடை" என்றார். துடைத்தேன். தம் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் கரண்டியை எடுத்தார், நீலப்பூ போட்டது. தம் முன்கையில் அதன் விளிம்பை வைத்து மேலிருந்து கீழாக ஒருதரம் வழித்துக் காட்டிவிட்டு, "எண்ணெய் போடு. அம்மா கழுத்து, முதுகு" என்று படியில் வைத்தார். வைத்துவிட்டு, தெருவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். முதுகுப்புறமாகவே ஒவ்வொன்றாகச் சொன்னார். "மேலே இருந்து கீழே. ஒரே பக்கம்."

நல்லெண்ணெயைத் தடவி வழித்தேன். பிடரியிலும் தோளிலும் தோலுக்கு அடியில் ரத்தம் புள்ளி புள்ளியாகக் கிளம்பியது. நான் வீரிட்டு அழுதேன். "செகப்பா வருதுண்ணே!" "நல்லது, நல்லது. சூடு வெளியே" என்றார், திரும்பாமலே. எனக்கு நல்லதாகத் தெரியவில்லை. சின்னக் கை, ஓரிடத்தில் அழுத்தி ஓரிடத்தில் விட்டு, அம்மாவின் கழுத்தெல்லாம் சிவப்புப் பொட்டாக ஆக்கிவிட்டேன்.

அம்மா முனகினாள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். குடித்தாள். என்னைப் பார்த்தாள். இந்தத் தரம் அந்தக் கண் என்னைத்தான் பார்த்தது. நிழல் கேட்டதா, உப்புத் தண்ணீர் கேட்டதா, கரண்டி கேட்டதா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. சீனாக்காரர் எழுந்து, "அம்மா தூக்கம். மத்தியானம் தூக்கம்" என்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனார். கரண்டியை வாங்கிக்கொள்ளவில்லை. மூட்டை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அசையவில்லை.

சாயங்காலம் அத்தை வந்தாள். அம்மா குப்புறப் படுத்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பகலில் அம்மா படுத்திருப்பதே அந்த வீட்டில் நடக்காத காரியம். "என்னடி இது கூத்து" என்று கிட்டப் போன அத்தை, பிடரியில் சிவப்புப் பொட்டுகளைக் கண்டாள். தொட்டுப் பார்த்தாள், உடம்பு இன்னும் காய்ந்தது. அவ்வளவுதான், கை இரண்டும் தானாகக் குவிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள். "தம்பி! ஆத்தா வந்திருக்காடா!"

அப்பா ஓடிப்போய் வேப்பிலை ஒடித்து வந்தார். நான் வாயைத் திறந்தேன். "அத்தை, அது கரண்டி..." அம்மா கண்ணை விழித்து என்னைப் பார்த்து, "பாப்பா, சும்மா இரு" என்றாள்.

ஏன் சும்மா இருக்கச் சொல்கிறாள்? எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. கரண்டியால் வழித்ததனால்தான் ஆத்தா வந்துவிட்டாள். வரவழைத்தவள் நான். அம்மா என்னைக் காட்டிக்கொடுக்காமல் சாகப்போகிறாள். அந்தக் கரண்டியைக் குதிருக்கு அடியில் தள்ளிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பின் தெருப் பிள்ளை பாண்டிக்கு வைத்திருந்த சில்லு என்னிடம்தான் இருந்தது. அதைத் தூர எறிந்தேன்.

வீடே மாறிப்போனது. தாளிதம் நின்றது. அப்பா குரலைத் தணித்துப் பேசினார், செருப்பை வாசலிலேயே கழற்றினார். அம்மாவை வேப்பிலை மேல் படுக்கவைத்தார்கள். "ஏண்டி" என்று கூப்பிட்டுப் பழகிய அத்தை, இளநீரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "தாயே, ஒரு வாய் குடி தாயே. ஏதும் கொற இருந்தா மன்னிச்சிரு" என்றாள். வீட்டில் ஒரு கோபச் சொல் இல்லை. வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்தார்கள், அம்மா முகம் சுளிக்காமல் விழுங்கினாள். மத்தியானமெல்லாம் தூங்கினாள். அத்தனை வேலையையும் அத்தை ஒருத்தியே செய்தாள். புகையில் கண் சிவந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் மட்டும் விதியை மீறினேன். அத்தை கிணற்றடிக்குப் போகிற நேரத்தில் உள்ளே நுழைந்து அம்மாவின் முதுகை உற்றுப் பார்த்தேன். முத்து இல்லை, கொப்புளம் இல்லை. சிவப்பு மஞ்சளாகி, மஞ்சளும் மங்கிக்கொண்டே வந்தது. அப்படியென்றால் இது ஆத்தா இல்லை. எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். வந்தது முன்னதைவிடப் பெரிய பயம். ஆத்தாவை வைத்து விளையாடினால் கண்ணைப் பிடுங்கிவிடுவாள் என்று அத்தை எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள்! வராத ஆத்தாவை வந்ததாகப் படுத்திருக்கும் அம்மாவை அவள் சும்மா விடுவாளா? "அம்மா, எந்திரிச்சிரும்மா, ஆத்தா நெசமாவே வந்திருவா" என்று அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அம்மா என் தலையைத் தடவி, "வரமாட்டாடி. அவளும் பொம்பளதானே" என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவள் காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வந்தது. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை அத்தைதான் ஊற்றினாள். சேலையைத் தளர்த்திக்கொண்டு அம்மா குனிந்து உட்கார்ந்தாள். முதுகு துடைத்துவிட்ட வெண்கலம் போல இருந்தது. ஒரு வடு, ஒரு புள்ளி இல்லை. அத்தையின் கைச்சொம்பு அப்படியே நின்றது. அகப்பட்டுக்கொண்டோம் என்று நான் தூணைக் கட்டிக்கொண்டேன். அத்தை அந்த முதுகையே பார்த்தாள். அம்மா திரும்பவில்லை. பிறகு அத்தை மெதுவாகத் தண்ணீரை ஊற்றி, தெருவே கேட்கும்படி குலவை போட்டாள். அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தவர்களிடம், "ஒரு தழும்பு வைக்காம எறங்கிட்டா, மகராசி" என்றாள்.

அடுத்த வருஷம் சீனாக்காரர் வரவில்லை. கத்திரி வெயில் மட்டும் தவறாமல் வந்தது, வெங்காயக் கூடைகளும் வந்தன. வடகம் போட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அத்தை கையைக் கழுவிவிட்டு மச்சிலிருந்து இறங்கி வந்தாள். அடுப்படியில் இருந்த அம்மாவுக்கு முன்னால் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். சேலையை இறக்கினாள். அவள் குரலை அவ்வளவு சன்னமாக நான் கேட்டதே இல்லை.

"முதுகு என்னமோ எரியுது. ஏதும் தெரியுதான்னு பாரு."

நானும் எட்டிப் பார்த்தேன். நன்றாக உற்றே பார்த்தேன். வேர்க்குருகூட இல்லை.

அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஆமா மதினி. ஆத்தா வந்திருக்கா. போயிப் படுங்க." என்னிடம் திரும்பி, "ஓடிப்போயி வேப்பிலை ஒடிச்சிட்டு வா" என்றாள்.

கொல்லைப்புறத்து வேப்பமரத்தில் கொத்து ஒடிக்கும்போது இப்படித்தான் நினைத்தேன்: அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது, அல்லது ஆத்தா என் கண்ணைப் பிடுங்கத் தொடங்கிவிட்டாள், இரண்டில் ஒன்று. கொத்தோடு நான் திரும்பி வந்தபோது அத்தை தூங்கிவிட்டிருந்தாள், நட்ட நடு மத்தியானத்தில், வாயைத் திறந்துகொண்டு. அவள் இடுப்புச் சாவி தலைமாட்டில் கிடந்தது. அம்மா விசிறிக்கொண்டிருந்தாள். அந்தச் சுத்தமான முதுகில் அம்மாவுக்கு மட்டும் என்ன தெரிந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.