கோயிலில் அவிழ்ந்த வயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். பேப்பரை எடுத்து வைத்து உட்கார்ந்தால் முதல் வரியில் பகவான் பெயரை எழுதுவேன். இரண்டாவது வரியில் என் வயிறு வந்து நிற்கும். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைப்பது அபசாரமோ என்று மடித்து வைத்துவிடுவேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கடைக்கு வந்தவன் நான். அபசாரம் எது, இல்லாதது எது என்று யாரிடம் கேட்பது? கடைசியில் என் மனைவிதான் சொன்னாள்: "வயிறும் அவர் குடுத்ததுதானே. எழுதுங்க. நீங்க எழுதலைன்னா ஊர்க்காரங்க எழுதிருவாங்க."

அது நிஜம். ஊர்க்காரர்கள் ஏற்கெனவே வாயால் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

எனக்குச் சாலைக் கடைவீதியில் அரிசிக் கடை. வீடு கரமனையில். அந்தக் காலத்தில் நான் எப்படி இருந்தேன் என்றால், கடையில் என் நாற்காலிக்குக் கை கிடையாது. இருந்த கைகளை ஆசாரியை வரவழைத்து அறுத்து எடுத்தோம். ஆட்டோவில் நான் ஏறினால் கூட வருகிறவர் பின்னால் வரும் ஆட்டோவில் ஏறிக்கொள்வார். இதையெல்லாம் நான் குறையாக நினைத்ததில்லை. அரிசிக் கடைக்காரன் ஒல்லியாக இருந்தால் சரக்கின்மேல் யாருக்கு நம்பிக்கை வரும்?

தினமும் கடை திறக்கும் முன்னால் ஸ்ரீவராகம் கோயிலில் போய்த் தொழுதுவிட்டு வருவது என் வழக்கம். இங்கே மலையாள நாட்டுக் கோயில்களில் ஆண்கள் சட்டையையும் பனியனையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டு போனால் வாசலில் நிற்கிறவர் கையைக் காட்டுவார். எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இருந்ததில்லை. வயிறு முன்னால் போகும், நான் பின்னால் போவேன். கூட்டமாக இருந்தால் எனக்கு வழி தானாகவே கிடைக்கும். ஒரே ஒரு சங்கடம், சாஷ்டாங்கமாக விழும்போது எட்டு அங்கமும் தரையில் படாது. வயிறு மட்டும்தான் படும். மற்ற எல்லாம் அதன்மேல் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும்.

பிறகு சர்க்கரை வந்தது. டாக்டர் ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. "அரிசியைக் குறைங்க, நடங்க" என்றார். "நான் அரிசி வியாபாரம் சார்" என்றேன். "விக்கலாம், திங்கப்படாது" என்றார்.

கரமனையிலிருந்து சாலைக்கு பஸ்ஸை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தேன். ராத்திரி கோதுமைதான். பகவான் புண்ணியத்தில் மனசு மாறவில்லை; முறுக்கைப் பார்த்தால் மாறும், ஆனால் கால் நின்றதில்லை. இரண்டு வருஷத்துக்குள் நாற்பது கிலோவுக்கு மேல் போய்விட்டது. மூட்டை நிறுக்கும் தராசில்தான் ஏறிப் பார்ப்பேன். சுமை இறக்குகிறவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களில் ஒரு மலையாளி ஒரு நாள் என் வயிற்றுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "முதலாளி, சாக்கு அவிடெத்தன்னே உண்டு. அரி எவிடெப் போயி?" என்றார். சாக்கு அங்கேயே இருக்கிறது, அரிசியைக் காணோமே என்று கேட்கிறார்.

அவர் சொன்னதுதான் சரியான வர்ணனை. அரிசி போய்விட்டது. சாக்கு மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. வயிற்றுத்தோல் மடிப்பு மடிப்பாக வந்து வேட்டிக் கட்டின்மேல் படுத்துக்கொண்டது. மார்பு இரண்டும் ஓய்ந்து கீழே பார்த்தன. கையைத் தூக்கினால் அடிக்கையில் ஒரு தோல் தனியாக ஆடும். டாட்டா காட்டினால், நான் நிறுத்திய பிறகும் அது கொஞ்ச நேரம் டாட்டா காட்டும். வயிறு பூராவும், இடுப்பிலும், அக்குள் பக்கத்திலும் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், மழைத்தண்ணீர் வடிந்த மணலில் இருக்குமே, அந்த மாதிரி. இப்போது சாஷ்டாங்கமாக விழுந்தால் எட்டு அங்கமும் படுகிறது. எழுந்திருக்கும்போது மட்டும் ஒன்பதாவதாக ஒரு அங்கம் தரையிலேயே கொஞ்சம் தங்கிப் பின்னால் வருகிறது.

என்ன தடவவில்லை நான்! தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், மஞ்சள், பயத்தமாவு, பக்கத்து வீட்டு அம்மா காய்ச்சிக் கொடுத்த ஏதோ ஒரு கறுப்பு எண்ணெய். தோல் உள்ளே போகவில்லை. எறும்புதான் வந்தது.

"விடுங்க. ரெண்டு பிள்ளை பெத்த எனக்கும்தான் கோடு கெடக்கு. நான் எந்த எண்ணெயைத் தடவினேன்?" என்றாள் மனைவி.

"நீ சட்டையைக் கழட்டிட்டுக் கோயிலுக்குள்ள போக வேண்டாமே" என்றேன்.

அங்கேதான் எனக்கு வலித்தது. குண்டாக இருந்தபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இளைத்த பிறகு சட்டையைக் கழற்றினால் சன்னிதியில் சாமியைப் பார்க்கிறவர்கள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வாசலில் பூ விற்கும் அம்மா, "அய்யோ சாமி, எந்து பற்றி? ஆகெ க்ஷீணிச்சு போயல்லோ" என்று கண்ணீரே விட்டாள். எனக்கு என்னவோ ஆகி ஒரேயடியாக இளைத்துவிட்டேன் என்று அவளுக்குத் துக்கம். அவள் காசு வாங்காமல் துளசி கொடுத்த அன்றைக்கு நான் உள்ளே போவதை நிறுத்தினேன். அப்புறம் சட்டையோடு வெளியே நின்று, கொடிமரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவேன். சாமி உள்ளே, நான் வெளியே. நடுவில் என் தோல்.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு வரன் வந்தது. என் மைத்துனர் நாகர்கோவிலில் இருக்கிறார், அவர் பார்த்த இடம். பையன் நல்ல பையன், பாங்கில் வேலை. மகளிடம் போட்டோவைக் கொடுத்தோம். அவள் அதை டிவி மேல் சாய்த்து வைத்தாள். அன்றிலிருந்து டிவி போடாமலேயே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் ஜனங்களில் இரண்டு வீட்டாரும் முதலில் கோயிலில் தற்செயலாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்றுவிட்டு வேண்டாம் என்று சொல்வது இரண்டு பக்கமும் சங்கடம். ஸ்ரீவராகத்தில் பார்க்கலாம் என்று முடிவாகி இருந்தபோது மைத்துனர் கடைக்கு போன் பண்ணினார்.

"அத்தான், பையனுக்க அப்பா ஒண்ணு கேக்காரு. பொண்ணோட அப்பாவுக்குப் பெரிய சீக்காம்லா, ஆள் பாதியாப் போயிட்டாராம்லா, நெஜமான்னு."

"சுகர்தான்னு சொல்லுங்க. நடந்து கொறைச்சேன்னு சொல்லுங்க."

"சொன்னேன். சுகருக்கு யாரு ஓய் இப்படி எளைப்பா, நேர்ல பாத்துக்கிடுவோம்ங்காரு. நீங்க ஒடம்பைக் கொஞ்சம் நல்லாக் காட்டுங்க அத்தான்."

நல்லாக் காட்டுவதா! சட்டையோடு என்றால் காட்டலாம். சட்டையைக் கழற்றச் சொல்லும் இடத்தில் அல்லவா பார்க்க வருகிறார்கள்? சீக்குக்காரன் வீட்டில் பெண் எடுக்க யாருக்கு மனசு வரும்? என் வயிற்றால் என் பிள்ளைக்கு வந்த நல்ல இடம் போய்விடுமோ என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் இளைத்தேன்.

"அப்பா, அது சாரமில்லப்பா, பெரிய விஷயமில்ல. வேண்டாம்னா போட்டும்" என்றாள் மகள். சொல்லிவிட்டு டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மனைவி அலமாரியின் அடியிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். பிள்ளை பெற்றவளுக்கு வயிறு தொங்காமல் இருக்க இறுக்கிச் சுற்றுவார்களே, அந்தத் துணி. பழைய வேட்டியை நீளமாகக் கிழித்தது. "கையைத் தூக்குங்க" என்றாள். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அவள் மறுமுனையோடு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கல்யாணத்தில்கூட நாங்கள் இத்தனை சுற்று வரவில்லை.

"மூச்சு முட்டுதே."

"நான் ரெண்டு தடவை கட்டிக்கிட்டுக் கெடந்தேன். எனக்கு முட்டலையா?"

வயிறு பலகைபோல ஆனது. மேலே துண்டைச் சுற்றிக் கட்டினால் துணி இருப்பதே தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். கல்யாண மாப்பிள்ளை நான்தானோ என்று இருந்தது. பூஜை அறையில் விழுந்து எழுந்தும் பார்த்தேன். விழுந்துவிட்டேன், எழுந்திருக்க மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

அன்று காலை அவர்கள் வந்தார்கள். பையனின் அப்பாவைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிமிஷம் பழைய கண்ணாடியைப் பார்த்ததுபோல் ஆகிவிட்டது. அப்படியே பழைய நான். வாசலில் நின்று அவர் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், சுற்றிலும் பார்த்துப் பார்த்துக் கழற்றினார். நான் வயிற்றைக் கட்டியிருக்கிறேனா என்று பார்க்க அவருக்கு நேரமில்லை, தன்னை யார் பார்க்கிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சன்னிதியில் நின்றேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. கண் கலங்கிவிட்டது. ஒத்திகை, மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் மறந்துபோய், தொபுக்கென்று விழுந்து கும்பிட்டேன். முதுகுப் பக்கம் ஏதோ 'சடக்' என்றது. எலும்பு என்று நினைத்தேன். முடிச்சு.

எழுந்து பிரகாரம் சுற்ற ஆரம்பித்தேன். என் பின்னால் துணியின் வால் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது எனக்குத் தெரியாது. பின்னால் வந்த பையனின் அப்பாவுக்கும் தெரியாது, அவருக்குத் தன் வயிற்றைத் தாண்டித் தன் காலே தெரியாது. அவர் அதன்மேல் மிதித்து நின்று ஏதோ ஒரு தூணைப் பார்த்துக் கும்பிட்டார். நான் நடந்தேன். துணி இழுத்தது. சாட்டை உருவின பம்பரம்போல நானே ஒரு சுற்றுச் சுற்றி அவரைப் பார்த்து நின்றேன். துண்டு ஒரு பக்கம் விழுந்தது. துணி ஒரு பக்கம் விழுந்தது. அப்புறம், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வயிறு மெதுவாக இறங்கி வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்தது.

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னது இது?" என்றார் அவர்.

பொய் சொல்ல அது இடமில்லை. "தோல்" என்றேன்.

"இவ்வளவுமா?"

"இவ்வளவும் முன்னால ரொம்பியிருந்துது."

அவர் கிட்டே வந்தார். குனிய முடியாததால் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். "தொட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டார். பாருங்கள் என்றேன். ஜவுளிக்கடையில் துணி பார்ப்பதுபோல இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். கெண்டைக்கால் தினமும் நடந்து நடந்து கல்லாக இருந்தது. "சீக்குக்காரன் காலு இப்படி இருக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சத்தமாகத் தன் மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க வா! ஒடம்பைக் கொறைச்சா ஆளு செத்திரும்னு சொன்னேல்லா? பாரு, நிக்காரு!" பிறகு என்னிடம் ரகசியமாக, "எனக்கும் சுகர்தான் கேட்டியளா. கொறைச்சா இப்படித் தொங்கும்னு பயந்துதான் விட்டுட்டேன். வலிக்குமோ?"

"வலிக்காது. உக்காந்தா மடியில வச்சுக்கிடணும், அவ்வளவுதான்."

அவர் சிரித்ததில் அவர் வயிறு குலுங்கியது. அதைப் பார்த்து நான் சிரித்ததில் என்னுடையது வேறு மாதிரி குலுங்கியது. பிரகாரம் என்றும் பார்க்காமல் அவர் வீட்டாட்கள் எல்லாரும் என்னைச் சுற்றி நின்று என்ன சாப்பிடுகிறேன், எவ்வளவு தூரம் நடக்கிறேன் என்று கேட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பெண்ணையும் பையனையும் காணோம் என்று தெரிந்தது. இரண்டு பேரும் குளக்கரையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். பார்க்க வேண்டியவன் மட்டும் சரியாகப் பார்த்துவிட்டான்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சம்பந்தியும் நடக்க ஆரம்பித்து, இப்போது அவருக்கும் தொங்குகிறது. கோயிலில் நாங்கள் சேர்ந்து சட்டையைக் கழற்றினால் பூக்கார அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்து அழுகிறாள். அழட்டும், நான் உள்ளே போகிறேன். சட்டையைக் கழற்றிவிட்டு வா என்று பகவான் சொன்னது, உள்ளே இருப்பது என்ன என்று தெரியாமலா சொன்னார்?

அந்தத் துணி பிறகு இன்னொரு தடவை வேலைக்கு வந்தது. மகள் பிள்ளை பெற்று வீட்டில் இருந்தபோது வயிற்றில் கோடுகளைப் பார்த்துக் குழந்தையை வைத்துக்கொண்டு அழுதாள். நான் சட்டையைக் கழற்றிவிட்டுப் போய் அவள் முன்னால் நின்றேன். அவள் அழுகையோடு சிரித்துவிட்டாள். மனைவி துணியோடு வந்து, "கையைத் தூக்குடி" என்றாள்.

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஊரில் வேறு மாதிரி பேசுகிறார்கள். பிரகாரம் சுற்றும்போதே என் வயிறு கரைந்து விழுந்ததாக ஒரு பேச்சு. விழுந்தது துணி. நான் ஏதோ மந்திரம் ஜெபித்ததாக இன்னொன்று. ஒருவர் கடைக்கே வந்து, "எந்த அரிசி சாப்பிட்டா எளைக்கும்?" என்று கேட்டார். சாப்பிடாத அரிசி என்றேன்; மனைவி கேட்டால் வியாபாரம் என்ன ஆகும் என்று சண்டைக்கு வருவாள். இன்னொருவர் வயிற்றுவலிக்குக் கட்ட அந்தத் துணியைக் கேட்டு வந்தார்.

அதனால்தான் எழுதினேன். படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள், நடக்கப் பயப்படுகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பகவான் நடக்க மனசு கொடுத்தார், காலை நான் வைத்தேன். தோல் போகவில்லை, இன்னும் தொங்குகிறது. கேட்க நன்றாக இருக்கும் என்று, சொல்லும்போது யாரும் அதை உள்ளே அனுப்பிவிடாதீர்கள்.